வரியும் முறையும்: ஜான் ஸ்டூவர்ட் மில்

நூறு ரூபாய் ஈட்டுவோனிடம் பத்து ரூபாய் வரி கொள்ளும் அரசு, ஆயிரம் ரூபாய் ஈட்டுவோனிடம் நூறு ரூபாய் கொள்வது முறையா? அன்றி இருநூறோ முந்நூறோ கொள்வது முறையா? முன்னதை ஒரே வீத வரி என்றும், பின்னதை வளர்வீத வரி என்றும் பொருளியலார் வழங்குவர். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானையை எடுத்துக்காட்டி உணர்த்திய அறிவுரையை நம் மாணவர் நன்கறிவர். ஆனால் அச்சங்கப் பாடல் எவ்வளவு கொள்வது, எவ்வாறு கொள்வது என்பதைப் பற்றியது. யாரிடம் எவ்வளவு கொள்வது என்பது வேறொரு வினா. அவ்வினாவுக்குத் தம் வாழ்நாளில் விடை தேடியவருள் முதன்மையானவர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

வளர்வீத வரியை நீக்கி ஒரே வீத வரியைக் கொணர வேண்டும் என்று வாதிடுவோர் இன்றும் மில்லின் பெயரைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அது பொய்யன்று. ஆயினும் அவர்கள் எடுத்துக்கொள்வது மில்லின் பாதியை. மற்றைப் பாதி என்னவாயிற்று என்பதை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட பணி.

பிள்ளைமையும் பயிற்சியும்

மில் 1806 மே 20 அன்று இலண்டன் மாநகரின் பென்டன்வில் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தில் எளிய குடியில் தோன்றி, எழுத்தையே தொழிலாகக் கொண்டு இலண்டனில் வாழ்ந்தவர். இந்திய மண்ணை மிதியாமலேயே இந்தியாவின் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர் என்றால் நம்மவர்க்கு உடனே விளங்கும். ஒன்பது மக்களுள் மூத்தவரான ஜானைத் தந்தையார் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாமே ஆசிரியரானார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன், பன்னிரண்டு வயதில் அளவை நூல். இளையவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பும் அச்சிறுவனுடையதே. விளையாட்டுத் தோழர் எவரும் இலர். இத்தகைய கல்வி ஒரு பிள்ளைக்கு நன்மையா தீமையா என்று ஆசிரியராகிய நாம் எண்ணாதிருக்க இயலவில்லை. பயன் கண்டார் என்பது உண்மை. விலை கொடுத்தார் என்பதும் உண்மை.

பதின்மூன்றாம் வயதில் பொருளியல் தொடங்கியது. அதற்குப் பாடநூல் இல்லை. தந்தையும் மகனும் நாள்தோறும் உலாவச் செல்வர். வழியெல்லாம் ரிக்கார்டோவின் கொள்கையைத் தந்தை விளக்குவார். மறுநாள் மகன் அதனை எழுதிக் காட்ட வேண்டும். தெளிவாக அமையும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். பிற்காலத்தில் ஜேம்ஸ் மில் எழுதிய பொருளியல் நூலுக்கு அக்குறிப்புகளே அடிப்படையாயின. ரிக்கார்டோ வீட்டுக்கு வந்து செல்லும் நண்பர். அவருடைய 1817ஆம் ஆண்டு நூலின் பெயரிலேயே வரிவிதிப்பும் இடம்பெற்றிருந்தது. எனவே வரியைப் பற்றிய சிந்தனை மில்லுக்கு நடை பழகிய காலத்தோடு வந்தது எனலாம்.

தந்தையாரின் மற்றொரு நண்பர் பெந்தாம். மக்களுள் மிகப் பலர்க்கு மிகுதியான இன்பம் விளைவதே நன்மையின் அளவுகோல் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் வாரிசாகவே சிறுவன் வளர்க்கப்பட்டான். ஆனால் 1826இல், இருபது வயதில், மில்லின் உள்ளம் திடீரென வறண்டது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே வினவி, உண்டாகாது என்ற விடையைக் கண்டு கலங்கினார். பல மாதம் நீடித்த அச்சோர்விலிருந்து அவரை மீட்டவற்றுள் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் தலையாயவை. இலக்கியம் சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி இது. இன்பத்தையும் துன்பத்தையும் எண்களாகக் கூட்டிக் கழித்துவிடலாம் என்னும் நம்பிக்கை அன்றுதான் அவரிடம் தளர்ந்தது என்பது நம் கருத்து. பின்னர் வரியைப் பற்றி எழுதும்போது அவர் காட்டிய தயக்கத்துக்கும் அத்தளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

இந்தியா ஹவுஸ்

1823இல், பதினேழு வயது நிறைந்த மறுநாளே, மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தந்தையார் அங்கே 1819 முதல் பணியிலிருந்தார். இலெடன்ஹால் தெருவில் இருந்த அக்கட்டடத்தை இந்தியா ஹவுஸ் என்பர். இந்தியாவுக்குச் செல்லும் கடிதங்களை வரைவதே மில்லின் வேலை; அவற்றுட் பெரும்பாலன சுதேச சமஸ்தானங்களைப் பற்றியவை. முப்பத்தைந்து ஆண்டு அங்கே பணியாற்றி, 1856இல் தந்தையார் வகித்த தலைமைப் பதவியையும் அடைந்தார். 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிவுற்றபோது ஓய்வு பெற்றார். புதிய இந்தியக் கவுன்சிலில் இடமளிக்க முன்வந்தபோது ஏற்க மறுத்தார். தந்தையைப் போலவே அவரும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

நம் மாநிலத்தோடு அவர் கருத்துக்கு உள்ள உறவு இங்கேதான் தொடங்குகிறது. நிலத்தின் வாரம் உழைப்பால் விளைந்ததன்று, எனவே அரசு அதனை எடுத்துக்கொண்டால் எவர்க்கும் சுமையில்லை என்பது ரிக்கார்டோ வழிவந்த கொள்கை. தந்தையும் மகனும் இதனை நம்பினர். இந்திய நிலவரி வரியே அன்று, அரசுக்குரிய வாரமே என்று கருதினர். ஏட்டில் இது குற்றமற்ற கொள்கை. சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி ஊர்களில் நிலைமை வேறு. நிலத்தின் தரத்துக்கேற்பப் பணமாக வரி நிறுக்கப்பட்டது. விளைச்சல் குறைந்த ஆண்டில் எவ்வளவு தள்ளுபடி என்பது அதிகாரிகளின் மனத்தைப் பொறுத்தது. வரி தண்டுவதற்காகக் குடிகள் துன்புறுத்தப்படுகின்றனர் என்ற முறையீடு வலுத்து, அதனை விசாரிக்க ஓர் ஆணையம் சென்னையில் அமைக்கப்பட்டது. 1855இல் அது அளித்த அறிக்கை, அத்துன்புறுத்தல் உண்மையே என்று ஒப்புக்கொண்டது. மில் அப்போது இந்தியா ஹவுஸில் பணியிலிருந்தார். கணக்கில் சுமையற்றதாகத் தோன்றும் வரி களத்து மேட்டில் எவ்வாறு தோன்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

1848

ஆங்கிலேயர்க்கு வருமான வரி பழைய வழக்கமன்று. பிரெஞ்சுப் போரின் நெருக்கடியில் 1799இல் வில்லியம் பிட் அதனைப் புகுத்தினார். 60 பவுனுக்குக் கீழ் வருமானமுடையோர்க்கு வரியில்லை. 200 பவுனுக்கு மேற்பட்டால் பத்தில் ஒரு பங்கு. இடைப்பட்டோர்க்குப் படிப்படியாக உயரும் வீதம். 1802இல் நீங்கி, மறு ஆண்டே திரும்பி, 1816இல் மீண்டும் ஒழிந்தது. பின்னர் 1842இல் ராபர்ட் பீல் அதற்கு உயிர் கொடுத்தார். ஆண்டுக்கு 150 பவுனை எட்டிய வருமானத்துக்குப் பவுனுக்கு 7 பென்ஸ், அதாவது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. எல்லார்க்கும் ஒரே வீதம்.

அதிலொரு முரண் இருந்தது. 149 பவுன் ஈட்டியவர் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. 150 பவுன் ஈட்டியவரோ முழுத்தொகைக்கும் வரி கட்டவேண்டும்; அது 4 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ் ஆயிற்று. ஒரு பவுன் கூடுதலாக ஈட்டியவர் கையில் எஞ்சியது குறைவாயிற்று!

இந்நிலையில்தான் 1848இல் மில்லின் பொருளியல் நூல் இலண்டனில் வெளிவந்தது. 1845இன் இறுதியில் தொடங்கி, இடையில் அயர்லாந்தின் பஞ்சம் குறித்து நாளேட்டில் எழுதுவதற்காக ஆறு திங்கள் நிறுத்தி, 1847இன் முடிவில் எழுதி முடித்த பெருநூல் அது. அவர் வாழ்நாளில் ஏழு பதிப்புகள் கண்டது. தொழிலாளர் வாங்கும் விலையில் மலிவுப் பதிப்பு வேண்டுமென்று தமக்குரிய பங்கை விட்டுக்கொடுக்கவும் முன்வந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே இலண்டனில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய அறிக்கையும் அச்சேறியது. கடுமையான வளர்வீத வருமான வரி வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒரு வினாவுக்கு இரு விடைகள் பிறந்தன.

மில்லின் விடையை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். வரியால் ஒவ்வொருவரும் படும் இழப்பின் வருத்தம் சமமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய தொடக்கம். உயிர் வாழ்வதற்கும் உடல்நலம் காப்பதற்கும் தேவையான தொகையில் கைவைத்தால் உண்டாகும் வருத்தத்தை வேறெந்த இழப்போடும் ஒப்பிட இயலாது. ஆகவே அத்தொகைக்கு எவரிடமும் வரி கொள்ளலாகாது. இக்கருத்தைப் பெந்தாமிடமிருந்து பெற்றதாக மில்லே ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு 50 பவுன் என்பது அவர் கருதிய அளவு. அதற்கு மேற்பட்டதற்கு மட்டும் எல்லார்க்கும் ஒரே வீதத்தில் வரி. பீலின் சட்டத்தைப் போல வரம்பைத் தாண்டியவுடன் முழுத்தொகையையும் பற்றிக்கொள்வதன்று இது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வீதம் பத்தில் ஒன்று என்று கொள்வோம். 60 பவுன் ஈட்டுபவர்க்கு 10 பவுன் மீதே வரி. எனவே 1 பவுன். அவருடைய மொத்த வருமானத்தில் அது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. 100 பவுன் உடையவர் 5 பவுன் கட்டுவார், நூற்றுக்கு ஐந்து. 1,000 பவுன் உடையவர் 95 பவுன் கட்டுவார், நூற்றுக்கு ஒன்பதரை. வீதம் ஒன்றே, ஆயினும் சுமையோ வருமானம் ஏற ஏறத் தானும் ஏறுகிறது. ஒரே வீத வரியில் ஏழைக்குச் சலுகையே இல்லை என்போரும், அதில் செல்வர்க்குச் சுமை கூடுவதே இல்லை என்போரும் இக்கணக்கைப் பாரார். ஆனால் இன்னொன்றையும் காண்க. 1,000 பவுனுக்கு மேல் 10,000 ஆனாலும் 1,00,000 ஆனாலும் அச்சுமை நூற்றுக்குப் பத்தை நெருங்குமேயன்றித் தாண்டாது. பெருஞ்செல்வர்களுக்குள் இவ்வரி வேறுபாடு காட்டாது. வளர்வீத வரியினர் குறைகூறுவது இவ்விடத்தைத்தான்.

1,000 பவுனில் 100 இழப்பவரைவிட 10,000 பவுனில் 1,000 இழப்பவர்க்கு வருத்தம் குறைவல்லவா? இருக்கலாம் என்றார் மில். ஆனால் அது ஐயத்துக்கிடமானது, அதன்மீது ஒரு சட்டத்தை எழுப்பும் அளவுக்கு உறுதியானதன்று என்று ஒதுக்கினார். அதைவிட வலிமையாக மற்றொன்றைச் சொன்னார். மிகுதியாக உழைத்து மிகுதியாகச் சேமித்தவனிடம் மிகுதியான வீதத்தில் வரி கொள்வது, அவன் அண்டை வீட்டானைவிட நன்றாக உழைத்ததற்குத் தண்டனை விதிப்பதாகும் என்றார். அதனைக் கொள்ளைக்கு ஒப்பிடவும் அவர் தயங்கவில்லை. ஒரே வீத வரியினர் மேற்கோள் காட்டுவது இவ்வளவோடு நின்றுவிடுகிறது.

மறந்துவிடும் பாதி

உழைத்துச் சேர்த்த செல்வத்தை அன்று, உழைக்காமல் வந்த செல்வத்தையே வரம்புக்குள் நிறுத்த வேண்டும் என்பது மில்லின் அடுத்த அடி. மரபுரிமையாக ஒருவர் பெறும் தொகைக்கு ஓர் உச்சவரம்பே வேண்டும் என்று அவர் கருதினார். ஈட்டியவன் தான் விரும்பியவர்க்குக் கொடுக்கலாம். ஆனால் பெறுபவன் ஓர் எளிய தன்னுரிமை வாழ்வுக்குத் தேவையான அளவுக்கு மேல் பெறலாகாது. மரபுரிமைக்கும் கொடைக்கும் விதிக்கும் வரியில் வளர்வீதம் தகும், வேண்டும் என்றார். வருமான வரியில் எதனை அநீதி என்றாரோ, அதனையே இங்கே நீதி என்றார். காரணம் தெளிவு. பெறுபவன் அதற்காக உழைக்கவில்லை.

நிலத்தைப் பற்றியும் அவ்வாறே. நகரம் வளர்வதால் நிலத்தின் விலை உயர்கிறது; உறங்கிக்கொண்டிருக்கும் உரிமையாளனும் செல்வனாகிறான். அவ்வுயர்வு சமுதாயத்தின் உழைப்பால் விளைந்தது, அதனை அரசு வரியாகக் கொள்ளலாம் என்று வாதிட்டு, தம் இறுதி ஆண்டுகளில் அதற்கென ஒரு சங்கமும் நடத்தினார். சென்னை, கோவை போன்ற ஊர்களின் புறநகரில் மனை வாங்கி விற்போர் இதனைப் படிக்காதிருப்பதே நலம்.

மருத்துவரோ வழக்கறிஞரோ ஈட்டும் வருமானம் அவர் உடல் இயங்கும்வரைதான் வரும். முதுமைக்கும் மக்களுக்கும் அதிலிருந்தே சேமிக்க வேண்டும். நிலத்திலிருந்தும் கடன்பத்திரத்திலிருந்தும் வருவதோ உரிமையாளர் இறந்த பின்னும் வரும். இவ்விரண்டையும் ஒரே அளவாகக் கொள்வது சமமன்று. முன்னதை முக்காற் பங்காகக் கணக்கிட வேண்டும் என்றார். 1852இலும் 1861இலும் நாடாளுமன்றக் குழுக்களின் முன் தோன்றி வருமான வரி பற்றிச் சான்று கூறினார். இடையே 1853இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் இவ்வேறுபாட்டை மறுத்துவிட்டார். ஆயினும் 1863இல் சிறு வருமானத்தார்க்கு முதல் 60 பவுனைக் கழித்து எஞ்சியதற்கே வரி கொள்ளும் முறையைக் கொணர்ந்தவரும் அவரே. மில்லின் ஒரு கருத்தை விட்டார், மற்றொன்றின் அருகில் வந்தார்.

இவ்விடத்தில் நம் வாசகர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். இஸ்லாமியச் சட்ட நூல்கள் வகுத்த அளவுகளை எண்ணிப் பாருங்கள். ஓராண்டு கையிருப்பில் நின்ற பொன்னுக்கும் வணிகப் பொருளுக்கும் நாற்பதில் ஒரு பங்கு. ஏற்றம் இறைத்து விளைவித்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கு. வான்மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. மண்ணில் கண்டெடுத்த புதையலுக்கு ஐந்தில் ஒரு பங்கு. செல்வத்தின் பருமனைக் கண்டு வீதம் ஏறவில்லை. உழைப்பின் அளவு குறையக் குறைய ஏறுகிறது. நிஸாபை எட்டாதவர் மீது கடமையில்லை. ஒரு வேறுபாடும் உண்டு: நிஸாபை எட்டிய பொன்னில் முழுமைக்கும் ஜகாத் உண்டு, மில் கூறியவாறு மிகுதிக்கு மட்டும் அன்று. மேலும் ஜகாத் கையிலிருக்கும் செல்வத்தின் மீது, வருமான வரி வரவின் மீது. மில் இவற்றை அறிந்து எழுதினார் என்று நாம் கூறவில்லை. உழைப்பை நோக்கி வீதம் வகுக்கும் எண்ணம் வெவ்வேறு மண்ணில் தனித்தனியே முளைத்திருக்கிறது என்பதே நாம் காண்பது.

இத்தனைக்கும் வருமான வரியையே மில் முழு மனத்தோடு விரும்பினாரல்லர். தம் வருமானத்தைத் தாமே அறிவிக்கும் முறையில், மனச்சாட்சி உள்ளவன் முழுத்தொகையையும் சொல்லி முழு வரியும் கட்டுவான், மற்றவன் மறைப்பான். எனவே அது நேர்மைக்கு விதிக்கும் வரியாகிவிடும். நாட்டுக்குப் பெருநெருக்கடி வந்தாலன்றி அதனை நாடலாகாது என்று அஞ்சினார். பிப்ரவரித் திங்களின் சம்பளப் பட்டியலைக் கண்டு பெருமூச்செறியும் ஆசிரியப் பெருமக்கள் மில்லைத் தம் கட்சி என்றே கொள்வர். சேமிப்புக்கு வரி கூடாது, செலவிடும் தொகைக்கே வரி வேண்டும் என்பதும் அவருடைய உள்ளக் கிடக்கை. அது நூறாண்டு கழித்து நம் நாட்டுக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் கால்டார் 1956இல் இந்திய வரிமுறையை ஆராய்ந்து பரிந்துரைக்க, மறு ஆண்டு நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி செலவு வரியைக் கொணர்ந்தார். 1962இல் நீங்கி, 1964இல் திரும்பி, 1966இல் ஒழிந்தது.

பொதுவாழ்வும் இறுதியும்

1830இல் மில் ஹாரியட் டெய்லர் என்னும் அறிவுசான்ற பெண்மணியை அறிந்தார். அவர் மணமானவர். கணவர் மறைந்தபின், 1851இல் இருவரும் மணந்தனர். தம் நூல்களின் சிந்தனையில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டென்று மில் பலமுறை எழுதினார். 1858 நவம்பரில், தென்பிரான்சுக்குச் செல்லும் வழியில், அவிஞோன் நகரில் ஹாரியட் இறந்தார். கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீட்டை வாங்கி, ஆண்டில் ஒரு பகுதியை அங்கே கழித்தார் மில். அங்கே அவர்க்கு வாய்த்த நண்பர் பூச்சியியல் அறிஞர் ஃபாப்ர். இருவரும் சேர்ந்து செடிகொடிகளைத் தேடி அலைவர்.

1865இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியினர் அவரை நாடாளுமன்றத்துக்கு அழைத்தனர். தேர்தலுக்குப் பணம் செலவிட மாட்டேன், வாக்குக் கேட்டு அலைய மாட்டேன் என்ற நிபந்தனையோடு நின்றார், வென்றார். 1867இல் வாக்குரிமைச் சட்டத்தில் ஆடவரைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாக இருபாலார்க்கும் பொதுவான சொல்லை இடவேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார்.

அவர் காலத்திலேயே அவர் கண்ட ஐயத்தை நீக்கும் கருவி உருவாகிக்கொண்டிருந்தது. 1871இல் ஜெவன்ஸ் எழுதிய நூல், ஒரு பொருளின் அளவு கூடக் கூட அதன் இறுதி அலகால் விளையும் பயன் குறையும் என்பதை நிறுவிற்று. இதனைப் பணத்துக்கும் பொருத்தி, 1897இல் எட்ஜ்வொர்த் வளர்வீத வரிக்குக் கோட்பாடு அமைத்தார். சட்டமும் நகர்ந்தது. 1894இல் பிரிட்டன் மரபுரிமைக்கு வளர்வீத இறப்புவரி விதித்தது. 1907இல் உழைத்த வருமானத்துக்குக் குறைந்த வீதம் வந்தது. இரண்டும் மில் கேட்டவை. 1909இல் இலாயிட் ஜார்ஜ் 5,000 பவுனுக்கு மேற்பட்டோர்க்குக் கூடுதல் வரியை முன்மொழிந்தார். அது மில் கேட்காதது.

இந்தியாவில் முதல் வருமான வரி 1860இல் ஜேம்ஸ் வில்சன் கொணர்ந்தது. 200 ரூபாய்க்குக் கீழ் விலக்கு. 500 வரை நூற்றுக்கு இரண்டு. அதற்கு மேல் நான்கு. அதனை வெளிப்படையாக எதிர்த்த சென்னை ஆளுநர் டிரெவெல்யன் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அவ்விரு வீதங்கள் விடுதலைக்குப் பின் பல படிகளாகப் பெருகி, 1973-74இல் உச்சவீதம் கூடுதல் கட்டணத்தோடு நூற்றுக்கு 97.75 ஆயிற்று. மில்லின் அச்சம் மெய்யானது அப்போதுதான் என்று நாம் கருதுகிறோம். நூறில் இரண்டே கால் ரூபாயை எஞ்சவிடும் சட்டத்துக்கு எவர் உண்மைக் கணக்குக் காட்டுவர்? 1997இல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்று படிகளாகச் சுருக்கினார். எஸ்தோனியா 1994இலும் உருசியா 2001இலும் ஒரே வீதத்துக்குச் சென்றன. உருசியாவின் 13 விழுக்காடு பல நாடுகளில் பேசப்பட்டது. ஆனால் 2021இல் பெருவருமானத்தார்க்கு 15 என்று இரண்டாம் படி வைத்து, 2025இல் ஐந்து படிகளாக்கி, உச்சவீதத்தை 22ஆக உயர்த்தியதும் அந்நாடே.

ஒரே வீதம் வேண்டும் என்னும் குரல் நம் நாட்டிலும் கேட்கிறது. கேட்போர் மில்லைத் துணைக்கு அழைக்குமுன் ஒன்றை எண்ண வேண்டும். 1953இல் நாம் கொணர்ந்த இறப்புவரி, வசூல் சிறிது, செலவும் வழக்கும் மிகுதி என்று காரணம் காட்டி 1985இல் நீக்கப்பட்டது. 1957இல் தொடங்கிய செல்வவரியும் 2015ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு முடிந்தது. மில்லின் ஒரே வீதம், பந்தயத்தில் ஓடுவோர் யாவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவர் என்னும் எண்ணத்தின் மீது நின்றது. தந்தையின் தோளிலேறிப் பாதித் தொலைவில் தொடங்குவோன் ஒருவன், வெறுங்காலோடு பின்னால் தொடங்குவோன் ஒருவன் என்றிருக்க, இருவர்க்கும் ஒரே வீதம் என்பதை மில்லின் பெயரால் கேட்பது முறையன்று. தம் காலத்துச் சமுதாயத்தில் மிகக் கடுமையாக உழைப்போரே மிகக் குறைவாகப் பெறுகின்றனர் என்று எழுதியவரும் அவரே. அவ்வாறாயின் பெருவருமானம் யாவும் பெருமுயற்சியின் கூலி என்று அவர் எப்படிக் கொண்டார் என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை. அவருடைய நூலில் நாம் காணும் பெரிய இடைவெளி இதுவே. மரபுரிமைச் செல்வத்துக்கு வரம்பு கட்டாதவரை வளர்வீத வரியே அதற்குரிய ஈடு என்பது நம் துணிபு, உச்சவீதம் 97.75க்குச் செல்லாதிருக்கும் வரை.

மில் 1873 மே 7 அன்று அவிஞோனில் காலமாகி, மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவர்க்கு மக்கள் இலர். உயிலில், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெண்களுக்குப் பட்டம் வழங்க முதலில் முன்வரும் பல்கலைக்கழகத்துக்கு 3,000 பவுனும், மாணவியர்க்கு உதவித்தொகை நிறுவ மற்றொரு 3,000 பவுனும் எழுதிவைத்திருந்தார்.